கரையில் நின்றே பெரிய மீன்: வாசகர் கேள்வி பதில்

கடற்கரையிலும் படகுத்துறையிலும் நின்றபடி பெரிய கடல்மீன் பிடிப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் "எந்த ராடு (தூண்டில் கம்பு) வாங்குவது", "எவ்வளவு தூரம் வீசுவது" என்ற இரண்டுதான். இரண்டுக்கும் கீழே பதில் உண்டு. ஆனால் ஒரே ஒரு வாசகி கேட்டிருந்தார், "மாட்டின மீனை மேலே கொண்டுவருவது எப்படி" என்று. மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இது முக்கியம் என்று நினைப்பதால் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கரையிலிருந்து பிடிப்பவர்களிடம் தவறிப்போகிற பெரிய மீன்களில் நிறைய, கடைசிப் பத்து மீட்டரில்தான் தவறுகின்றன.

கேள்வி: படகு இல்லாமல் கரையில் நின்றே நிஜமாகவே பெரிய மீன் பிடிக்க முடியுமா? கூட்டாளிகள் எல்லாம் "அதெல்லாம் ஆழ்கடல் சமாச்சாரம்" என்கிறார்கள்.
(கல்லூரி மாணவர்)

பதில்: முடியும் தம்பி. ஆறுதலுக்குச் சொல்லவில்லை, கணக்கே இருக்கிறது. 1964 ஜூன் மாதம் அமெரிக்காவின் தென் கரோலினாவில், செர்ரி குரோவ் என்ற இடத்தில் கடலுக்குள் நீளும் மீன்பிடிப் பாலத்தில் நின்றுகொண்டு வால்டர் மேக்ஸ்வெல் என்பவர் 1,780 பவுண்டு, அதாவது 807 கிலோ எடையுள்ள புலிச்சுறாவைத் தூண்டிலில் பிடித்தார். 1982 செப்டம்பரில் ஆல் மெக்ரெனால்ட்ஸ், அட்லாண்டிக் சிட்டியில் கல் கொட்டிய அலைத்தடுப்பு ஒன்றில், காற்றடிக்கும் ராத்திரியில் நின்று 35.6 கிலோ ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனைப் பிடித்தார். அந்த உலக சாதனையை முறியடிக்க 2011 வரை யாராலும் முடியவில்லை. 1984 நவம்பரில் டேவிட் டியூல் பிடித்த 42.7 கிலோ ரெட் டிரம் மீன் வட கரோலினாவின் ஏவன் கடற்கரை மணலில் நின்று பிடித்ததுதான்.

பெரிய மீன் கரைக்கு வருவதற்குக் காரணம் ரொம்ப எளிது, சாப்பாடு அங்கேதான் இருக்கிறது. மடவையும் மத்தியும் கூட்டமாகக் கரையோரம் ஒதுங்கும். அலை உடையும் இடத்தில் மணல் கலங்கி நண்டும் சிப்பியும் வெளியே வரும். பாறை மீன், சீலா, கொடுவா, காலா, கட்டா, திருக்கை, சுறா எல்லாம் இதைத் தேடி முழங்கால் ஆழத்துக்கே வந்துபோகும், முக்கியமாக விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு அது வருகிற நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: என்னால் 60 மீட்டருக்கு மேல் வீச முடிவதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் 100 மீட்டருக்கு மேல் எறிகிறார்கள். பெரிய மீனுக்கு நான் லாயக்கில்லையா?

பதில்: தூரத்தை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

தண்ணீர் வற்றி இருக்கும்போது, வெயில் ஏறிய பிறகு, கொஞ்சம் உயரமான மணல்மேட்டில் நின்று பாருங்கள். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கிற போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு இடத்தில் அலை வரிசையாக வெள்ளை நுரை கட்டி உடையும், அது மணல் திட்டு, ஆழம் குறைவு. அந்தத் திட்டுக்கும் கரைக்கும் நடுவே நுரை அதிகம் இல்லாமல், நிறம் கறுத்து, கரைக்கு இணையாக ஒரு பட்டை ஓடும். அதுதான் பள்ளம். பெரிய மீன் கரையோரம் நடமாடும் பாதை அது. அப்புறம் திட்டில் ஏதாவது ஓரிடத்தில் அலை உடையாமல் ஒரு வாய் போலத் திறந்திருக்கும். பள்ளத்துத் தண்ணீர் எல்லாம் அந்த வாய் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது, மீனும் அதே வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்த வாயின் ஓரமாக, பள்ளத்தின் பக்கம் இரை விழ வேண்டும். பல கடற்கரைகளில் இது கரையிலிருந்து 20, 30, 40 மீட்டர்தான் இருக்கும். 100 மீட்டர் எறிகிறவரின் இரை அதைத் தாண்டி, ஒன்றுமில்லாத திட்டின் மேல் போய் உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த வாய் இருக்கும் இடத்தில் கடலை நோக்கி இழுப்பு பலமாக இருக்கும். வீசுவதற்காக அங்கே தண்ணீரில் இறங்கி நிற்காதீர்கள்.

60 மீட்டர் தாராளம். எறிகிற ஒவ்வொரு தடவையும் இரை ஒரே இடத்தில் விழுகிற மாதிரி பழகுங்கள். இரையையும் கொஞ்சம் சுருக்கி, ஒல்லியாக நூல் சுற்றிக் கட்டினால் காற்றில் கிழியாது, கூடவே ஐந்தாறு மீட்டர் தானாக ஏறும்.

கேள்வி: அமாவாசை, பௌர்ணமியில்தான் பெரிய மீன் கடிக்குமாமே?

பதில்: பாதி உண்மை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிதாக இருக்கும், தண்ணீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும், ஆகவே நீரோட்டமும் வேகம். ஓட்டம் இருந்தால் சின்ன மீன் தடுமாறும், பெரிய மீன் வேட்டையாடும். ஆனால் நாளை விட நேரம்தான் முக்கியம் என்பது என் எண்ணம். பெரும்பாலான கரைகளில் தண்ணீர் ஏறி முடிக்க ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். முதல் ஒரு மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், மூன்றாவது நான்காவது மணியில் சேர்த்துப் பாதி ஏறிவிடும், கடைசியில் மறுபடி மந்தமாகிவிடும். அந்த நடு இரண்டு மணி நேரத்தை விடியலோ அந்தியோ வந்து தொடுகிற நாள் எது என்று ஓத அட்டவணையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், எனவே அப்படிப்பட்ட நாள் மாதத்தில் சில தடவை தானாகவே அமையும்.

இது மணற்கரைக்கு. படகுத்துறையில் தண்ணீர் வற்றும் நேரமும் நன்றாகக் கடிக்கும், கழிமுகம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாகவே கடிக்கும், ஏனென்றால் உள்ளே இருந்த இறாலும் குஞ்சு மீனும் வற்றும் தண்ணீரோடு வெளியே அடித்து வரப்படும்.

கேள்வி: ராடு, ரீல் (நரம்பு சுற்றும் உருளை), நரம்பு (தூண்டில் கயிறு) எதை எந்த அளவில் வாங்குவது? கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
(புதிதாக ஆரம்பிப்பவர்)

பதில்: மணற்கரைக்கு 12 முதல் 14 அடி ராடு, 100 முதல் 150 கிராம் ஈயக் குண்டு எறிகிற மாதிரி. அலைக்கு மேலே நரம்பைத் தூக்கி வைக்க அந்த நீளம் வேண்டும். படகுத்துறைக்கு அந்த ராடு வேண்டாம். 7 முதல் 9 அடிக்குள் தடிமனானது போதும், அங்கே தூரம் தேவையில்லை, மீனைத் தூணிலிருந்து திருப்புகிற பலம்தான் தேவை. நீள ராடு மீனுக்குத்தான் சாதகம், நெம்புகோலின் நீளப் பக்கம் அதன் கையில் இருக்கும். ஒரே ராடில் இரண்டையும் சமாளிக்கப் பார்த்தால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

ரீலில் 300 மீட்டர் நரம்பாவது ஏற வேண்டும். பிரெய்டா (பின்னிய நரம்பு) நைலானா என்று சண்டை போடுகிறார்கள். பிரெய்ட் அதே பலத்துக்கு ரொம்ப மெல்லியது, நீளவே நீளாது, தூரத்தில் ஒரு மீன் மூக்கால் தொட்டாலும் கைக்குத் தெரியும். ஆனால் கல்லிலும் சிப்பி ஒட்டிய தூணிலும் ஒருமுறை உரசினால் போச்சு. நைலான் நீளும், அதனால் மீன் திடீரென்று திமிறும்போது மன்னிக்கும், உரசலையும் ஓரளவு தாங்கும். மணலில் நிற்பவர் பிரெய்ட் போட்டு முன்னால் லீடர் என்கிற தடித்த நரம்புத் துண்டைக் கட்டட்டும். கல் நிறைந்த இடத்தில் நிற்பவர் தடித்த நைலானையே போட்டுக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

லீடர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கனமான ஈயத்தை முழு வேகத்தில் எறியும்போது நரம்பு அறுந்தால் அந்த ஈயம் கூட நிற்பவர் தலையில் பாயும். அதனால் எறிகிற அதிர்ச்சியைத் தாங்க ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 4.5 கிலோ பலம் என்று கணக்குப் போட்டு லீடர் கட்டுவது வழக்கம். 150 கிராம் ஈயம் என்றால் 24 கிலோ லீடர். ராடின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்து, ரீலில் நரம்பு சுற்றுகிற ஸ்பூலிலும் நாலைந்து சுற்று ஏறியிருக்க வேண்டும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மெல்லியதாக வரும், ராடின் வளையங்களில் தட்டாது. அது கைவராதவர்கள் இரட்டை யூனி முடிச்சு போடலாம். எதைப் போட்டாலும் இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்கிக்கொள்ளுங்கள், காய்ந்த நரம்பு சூடேறி அங்கேயே பலம் இழக்கும்.

சீலா, சுறா மாதிரி பல்லுள்ள மீன் இருக்கும் இடத்தில் தூண்டில் முள்ளுக்கு மேலே கொஞ்சம் கம்பி வேண்டும். கம்பி தெரிந்தால் மற்ற மீன் கடிக்கத் தயங்கும், ஆகவே பல்லுக்கு எட்டாத அளவு மட்டும் போட்டால் போதும், நீளமாக வேண்டாம்.

கேள்வி: வட்ட முள் போட்டிருக்கிறேன். மீன் கடித்ததும் சுண்டி இழுக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இரை மட்டும் பிய்ந்து வருகிறது.

பதில்: சுண்டாதீர்கள். வட்ட முள்ளின் நுனி உள்ளே பார்த்து வளைந்திருக்கும். மீன் இரையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும்போது முள் வழுக்கி வந்து வாயோரத்தில் தானாகப் பிடிக்கும். சுண்டினால் பிடிப்பதற்கு முன்பே வாயை விட்டு வெளியே வந்துவிடும். ராடைக் கையில் பிடித்து, நரம்பு நிதானமாகக் கனக்கிற வரை பொறுத்து, ரீலை மட்டும் சுற்றி இறுக்குங்கள். இரை முள்ளை முழுக்க மூடக் கூடாது, நுனியும் அதற்குக் கீழே கொஞ்சம் இடைவெளியும் வெளியே தெரிய வேண்டும். பெரும்பாலும் வயிற்றுக்குள் போகாமல் வாயோரத்திலேயே மாட்டுவதால் விட்டுவிடுகிற மீன் பிழைக்கவும் இதுதான் நல்லது. முள் கூர்மையா என்று கட்டைவிரல் நகத்தில் மெல்லச் சாய்த்து இழுத்துப் பாருங்கள். கீறிக்கொண்டு நின்றால் சரி, வழுக்கினால் மாற்றுங்கள்.

கேள்வி: படகுத்துறையில் மாட்டுகிற பெரிய மீன் எல்லாம் நேராகத் தூணுக்குள் ஓடி நரம்பை அறுத்துவிடுகிறது. டிராக்கை எவ்வளவு இறுக்குவது?

பதில்: டிராக் என்பது மீன் பலமாக இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கிற பிடி. பொதுக் கணக்கு, நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு. 24 கிலோ நரம்புக்கு 6 முதல் 8 கிலோ. இதைக் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்பிரிங் தராசில் நரம்பைக் கட்டி, ராடை வளைத்துப் பிடித்து, ரீல் நழுவத் தொடங்கும்போது தராசு முள் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். வீட்டிலேயே செய்துவிடலாம்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூலில் சுற்று குறைந்து விட்டம் சிறுக்கும், நீங்கள் டிராக்கைத் தொடாமலே இழுவை கூடும். விட்டம் பாதியானால் இழுவை இரண்டு மடங்கு. அதோடு தண்ணீரில் கிடக்கும் நரம்பின் இழுவையும் சேரும். பயந்துபோய் அந்த நேரத்தில் டிராக்கை இறுக்குகிறவர்தான் மீனை இழக்கிறார். தூரமாக ஓடுகிற மீனுக்குக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

தூண் விஷயம் வேறு. அங்கே முதல் ஐந்து விநாடிதான் எல்லாம். தூணுக்கு நேர் மேலே நின்று இரை போடாதீர்கள், நீரோட்டம் துறையை விட்டு வெளியே தள்ளுகிற பக்கத்தில் நில்லுங்கள். கடித்தவுடன் ராடைத் தாழ்த்தி, மீன் போகிற திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், மேலே தூக்கினால் தலை திரும்பாது. தலையைத் திருப்பிவிட்டால் உடம்பும் அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். ராத்திரி விளக்கு எரியும் துறையாக இருந்தால் வெளிச்சமும் இருட்டும் சேர்கிற கோட்டைக் கவனியுங்கள். சின்ன மீன் வெளிச்சத்தில் வட்டமடிக்கும், பெரியது இருட்டு ஓரத்தில் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். வெளிச்சத்தின் நடுவில் இரை போட்டுவிட்டு அது இல்லை என்று சொல்வதில் பயனில்லை.

கேள்வி: பெரிய மீன் மாட்டுகிறது, நன்றாகச் சண்டை போட்டுக் கரை வரைக்கும் கொண்டுவருகிறேன், ஆனால் மேலே ஏற்றும்போது போய்விடுகிறது. மணலிலும் இப்படித்தான், ஜெட்டியிலும் (படகுத்துறை) இப்படித்தான். என்னதான் செய்வது?
(வாசகி, சில வருடங்களாகத் தூண்டில் பழக்கம் உள்ளவர்)

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் மணல். கரைக்கு வந்த மீனை இழுப்பது நீங்கள் இல்லை, அலைதான் இழுக்க வேண்டும். அலை திரும்பிப் போகும்போது மீனின் எடையோடு தண்ணீரின் எடையும் சேர்ந்து கடலுக்கு இழுக்கும். அந்த நேரம் இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வரும், இல்லை லீடர் முடிச்சு விடும். அப்போது ஒன்றும் செய்யாதீர்கள், ராடு வளைந்தபடி இருக்கட்டும், கேட்டால் இரண்டு மீட்டர் விட்டும் கொடுங்கள். அடுத்த அலை முதுகு தூக்கி உள்ளே வரும்போது பின்னால் நடந்துகொண்டே சுற்றுங்கள். மீன் அலையோடு மிதந்து வரும். அலை வடிந்ததும் ஈர மணலில் பக்கவாட்டில் படுத்துவிடும், செவுள் மூடி மூடித் திறக்கும், வால் இரண்டு தரம் மணலை அறையும். அந்தக் கணத்தில் நிற்காதீர்கள். நரம்பு தளராமல் சுற்றியபடி மீனை நோக்கி வேகமாக நடந்து போங்கள். அது கிடப்பது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவிலான சில விநாடிதான். கையுறை போட்ட கையால் லீடரைப் பிடித்துச் சரிவில் மேலே வழுக்கிவிடுங்கள். லீடரைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, பிடிக்க மட்டும்தான் வேண்டும், மீன் திமிறினால் விட்டுவிட முடிய வேண்டும். பாறை மீனானால் வாலுக்கு முன்னே இருக்கும் ஒடுங்கிய பகுதியைப் பிடித்தால் நல்ல பிடி கிடைக்கும், அதன் ஓரத்தில் கெட்டியான கூரிய செதில் வரிசை இருக்கிறது, வெறுங்கையால் வேண்டாம். அலை பெரிதாக இருக்கும் நாளில் மீனுக்குக் கடல் பக்கம் போய் நிற்காதீர்கள். முழங்காலில் அடிக்கிற முப்பது கிலோ மீனும் ஒரு அலையும் சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

வாரத்தில் ஒரு நாள் தூண்டில் போடாமல் சும்மா அலையை மட்டும் பார்த்து, எது வரும் தண்ணீர், எது போகும் தண்ணீர் என்று மனசுக்குள் எண்ணிப் பழகினால்கூட அடுத்த மீனுக்கு உதவும்.

இப்போது ஜெட்டி. தண்ணீருக்குள் மீனுக்கு எடை கிட்டத்தட்ட இல்லை, மிதப்பு தாங்கிக்கொள்கிறது. தலை தண்ணீருக்கு மேலே வந்த கணத்தில் முழு எடையும் உங்கள் நரம்பில் தொங்கும், அதுவும் துள்ளிக்கொண்டு. பத்து கிலோ மீனை ராடால் தூக்கப் பார்ப்பவர்தான் ராடின் நுனியை ஒடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அதற்கென்று இறக்கும் வலை இருக்கிறது, ஒரு மீட்டர் அகல இரும்பு வளையம், ஆழமான வலைப்பை, கனத்த கயிறு. மீன் களைத்துப் பக்கவாட்டில் சாயத் தொடங்கும்போது இன்னொருவர் அதை இறக்கித் தண்ணீருக்குள் மூழ்க வைத்துக் காத்திருக்க வேண்டும். வலையை மீன் மேல் துரத்தக் கூடாது, மீனைத்தான் வலைக்கு மேலே கொண்டுவர வேண்டும், தலை முதலில். தலை வளையத்துக்குள் வந்ததும் ராடைத் தளர்த்துங்கள், மீன் கீழே பாய்ந்து தானே பைக்குள் இறங்கும், அப்போது கயிற்றை இழுக்கலாம். வாலைத் தொட்டுவிட்டால் மீனுக்கு எங்கிருந்தோ இன்னொரு ஓட்டத்துக்குப் பலம் வந்துவிடும்.

வலை இல்லையென்றால் வேறு வழி, துறையின் ஓரமாகவே நடந்து மீனைக் கரை வரை கூட்டிக்கொண்டு போவது. அதற்கு வழியில் விளக்குக் கம்பம், கட்டிய படகுகள், மற்றவர்கள் நரம்பு எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. நடந்து பார்க்காத துறையில் இது நடக்காது. அதனால் இரை கட்டுவதற்கு முன்பே ஒரு தடவை நடந்து பாருங்கள், இங்கே மாட்டினால் எங்கே ஏற்றுவேன் என்று இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவர்களிடமும் "பெரிசு மாட்டினால் கொஞ்சம் நரம்பைத் தூக்கிக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏற்ற வழி இல்லாத இடத்தில் பெரிய மீனுக்குத் தூண்டில் போடவே கூடாது என்பது என் கருத்து. முள்ளோடும் கம்பியோடும் அதை அறுத்து விடுவதில் யாருக்கும் பயனில்லை.

நீளக் கம்பில் கட்டிய கொக்கியால் குத்தித் தூக்குவது வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிற மீனுக்கு மட்டும். விடப்போகிற மீனை அப்படிக் குத்தினால் விட்டதாகவே ஆகாது.

கேள்வி: பாறைகள் மேல் நின்று ராத்திரியில் தனியாகத் தூண்டில் போடலாமா?

பதில்: தனியாக வேண்டாம். ஆள் கூட இருந்தாலும், இறங்குவதற்கு முன் பதினைந்து இருபது நிமிடம் உயரத்தில் நின்று கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாகத்தான் வரும், பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு மூன்று நான்கு பெரிய அலைகள் சேர்ந்து வரும். அந்தப் பெரிய அலை நனைத்த கல் எதுவோ அதற்குக் கீழே நிற்கக் கூடாது. கறுத்து ஈரமாக இருக்கும் கல்லும் பாசி பிடித்த கல்லும் கடலுக்குச் சொந்தம். உயிர்காப்பு உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள், ஈயம் மாட்டிக்கொண்டது என்று அதை எடுக்கக் கீழே இறங்காதீர்கள். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், 14 அடி உயரத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திறந்த கரையில் நிற்பது ஆபத்து. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப வேண்டாம்.

கேள்வி: அடிக்கடி பெரிய திருக்கைதான் மாட்டுகிறது. எப்படிக் கையாள்வது?

பதில்: வாலில் இருக்கும் முள்ளை மறக்காதீர்கள், அது முன்னால் வரைக்கும் வீசி அடிக்கும். திருக்கை தரையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நேராக இழுத்தால் வராது, பத்துப் பதினைந்து அடி பக்கவாட்டில் நடந்து போய் அங்கிருந்து இழுங்கள், ஒரு ஓரம் கிளம்பினால் முழுதும் கிளம்பும். உலர்ந்த மணலுக்கு இழுக்காமல் கணுக்கால் தண்ணீரிலேயே வைத்து, நீளக் கைப்பிடி உள்ள வெட்டுக்கோலால் தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால் அது முன்கூட்டியே விலகிப்போகும்.

குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும், வலியும் குறையும். சூட்டைக் குத்துப்பட்டவரின் காயமில்லாத கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வலி குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், உள்ளே முள் துண்டு தங்கியிருக்கலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த பெரிய மீனை ஏன் விட வேண்டும்? சின்னதை விடச் சொன்னால் புரிகிறது.

பதில்: எல்லாவற்றையும் விடச் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், அளவும் காலமும் பற்றி அந்தந்தக் கரைக்கு உள்ள சட்டத்தையும் பாருங்கள். ஆனால் அந்தப் பெரியதை விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சங்கரா இனத்தைச் சேர்ந்த ரெட் ஸ்னாப்பரை எடுத்துக்கொண்டால் 61 சென்டிமீட்டர் பெண் மீன் ஒன்று இடுகிற முட்டையை இட, 42 சென்டிமீட்டர் பெண் மீன்கள் 212 வேண்டும். கொடுவா ஆணாக வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும், ஆகவே மிகப் பெரிய கொடுவா என்றால் அநேகமாகப் பெண்தான். நடுத்தர அளவில் இரண்டை எடுத்துக்கொண்டு அந்த ஒன்றைத் திருப்பி விட்டால் அந்தக் கரைக்கே நீங்கள் செய்கிற உபகாரம் பெரிது.

பவளப்பாறை உள்ள கடலில் பிடித்த பெரிய சீலா, பெரிய களவா என்றால் இன்னொரு காரணமும் உண்டு. சிகுவாட்டெரா என்ற நஞ்சு அவற்றில் சேரக்கூடும். மீன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆபத்து. மணத்திலோ ருசியிலோ தெரியாது, சமைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது.

விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். மெல்லிய நரம்பில் ஒரு மணி நேரம் இழுத்துக் களைக்க வைத்த மீன் நீந்திப் போவதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட முடியாது, கொஞ்ச தூரம் போய்ச் செத்துவிடலாம். சுத்தியல் தலைச் சுறா இதில் ரொம்பப் பலவீனமானது, சண்டை நீண்டாலே பிழைப்பது கஷ்டம், ஆகவே அது என்று தெரிந்தவுடன் லீடரை அறுத்துவிடுங்கள். மற்ற மீனுக்குத் தடித்த நரம்பு, குறைந்த நேரம், ஈரக் கை. வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள், வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்துப் படுத்தவாக்கில் பிடியுங்கள். சுறாவைத் தண்ணீரை விட்டு வெளியே இழுக்கவே வேண்டாம், அதன் உள்ளுறுப்புகளைத் தாங்க விலா எலும்பு கிடையாது, தண்ணீர்தான் அதன் உடம்பைத் தாங்குகிறது. விடும்போது தலையை வருகிற அலைக்கு நேராக வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வால் தானாக உங்கள் கையை உதைக்கும், அப்போது விட்டால் போதும்.

கேள்வி: ரீல் ஒரே பருவத்தில் துருப்பிடித்துவிடுகிறது. குழாயைத் திறந்து நன்றாகத்தான் கழுவுகிறேன்.

பதில்: நன்றாகக் கழுவுவதுதான் பிரச்சினை. வேகமாகப் பீய்ச்சினால் உப்பு வெளியே போகாமல் பேரிங்குக்குள் போகும். டிராக்கை முழுக்க இறுக்கி வைத்து, நல்ல தண்ணீரை மெதுவாகத் தூவிக் கழுவி, துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் நசுங்கி அடுத்த மீனுக்குத் திக்கித் திக்கி நழுவும். ராடின் வளையங்களைப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள், பஞ்சு மாட்டினால் அந்த வளையத்தில் விரிசல், அதுதான் உங்கள் நரம்பை அறுத்துக்கொண்டிருந்தது. லீடரையும் விரல் நகத்துக்கு நடுவே ஒரு தடவை ஓட விடுங்கள், சொரசொரப்பாக இருக்கும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு முடிச்சைப் புதிதாகப் போடுங்கள். வெட்டிய நரம்பைக் கரையில் போடாமல் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.